நான் தலையாட்டினேன்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். பரவால்ல, எனக்கு இந்தப் பக்கமே போதும். அங்க உக்காந்தா பாண்டிச்சேரி வரைக்கும் கடல் கூடவே வரும். எனக்கு அது வேண்டாம். கோவிச்சுக்கிட்ட சொந்தக்காரன் கல்யாண வீட்ல எதிர்ல எதிர்ல வந்து நின்னா எப்படி இருக்கும், அப்படி இருக்கும் எனக்கு.

இதுவா? தூண்டில் இல்ல சார். எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. இது சுக்கான் கம்பு. படகுக்குப் பின்னாடி சுக்கான் இருக்கும்ல, அதத் திருப்பறதுக்கு. தூரமா உக்காந்துக்கிட்டே திருப்பணும்னுதான் இவ்ளோ நீளம். தூக்கிப் பாருங்க, கனமே இருக்காது, கார்பன்ல பண்ணது. பிடியில பச்சைக் கயிறு சுத்தியிருக்கு பாருங்க, ஒரு பிசிறு தெரியுதா? அது சுகிர்தா சுத்தினது. என் கை வேர்த்தா வழுக்குதுன்னு ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்து சுத்தினா. நான் கேக்கவே இல்ல. அவளா பார்த்து செஞ்சா. அப்படிப்பட்டவதான் என்னை நாலு பேர் முன்னாடி... விடுங்க.

பிடிச்சுக்குங்க சார், திருப்பம் வருது.

ஆங். இந்த டிரைவர் இப்படித்தான், பிரேக்கே தொடமாட்டாரு.

என் பேரு தயாளன். ராயபுரம். நேவியில இருக்கேன், ஸ்போர்ட்ஸ்ல எடுத்தாங்க. பாய்மரப் படகு. அதுல கட்டமரன்னு ஒரு வகை. சிரிக்காதீங்க, நம்ம கட்டுமரம்தான், வெள்ளைக்காரன் பேரை மட்டும் எடுத்துட்டுப் போய் வேற எதுக்கோ வச்சுட்டான். இது ரெண்டு ஒல்லிப் படகு பக்கத்துல பக்கத்துல இருக்கும், நடுவுல வலை கட்டியிருக்கும். அடியில கத்தி மாதிரி ரெக்கை. காத்து வந்துச்சுன்னா படகு தண்ணிய விட்டு எழும்பிடும் சார். நிஜமாத்தான் சொல்றேன். தண்ணிக்கு மேல ஓடும். அந்த நேரம் ஒரு சத்தம் இருக்காது. அலை அடிக்கிற சத்தமே நின்னுபோயிடும். அத ஒரு தடவை பார்த்துட்டா வேற எதுலயும் மனசு நிக்காது.

இதுல ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டணும், அதான் இந்தப் போட்டியோட சட்டம். ஒருத்தர் சுக்கான், அது நான். இன்னொருத்தர் பாயைப் பார்த்துக்கணும், அது சுகிர்தா. இடுப்புல கொக்கி மாட்டிக்கிட்டு, கம்பியில தொங்கிக்கிட்டு, படகுக்கு வெளிய கடலுக்கு மேல நிக்கணும். நான் படகைத் திருப்பணும்னா அவ உள்ள வந்து, குனிஞ்சு, பாய்க்கு அடியில புகுந்து அந்தப் பக்கம் போயாகணும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள. அதனால திருப்பறவன் முன்னாடியே சத்தமா சொல்லணும், 'திரும்பறோம்'னு. கண்டக்டர் விசில் அடிக்காம டிரைவர் வண்டிய எடுக்கமாட்டாருல்ல, அந்த மாதிரி ஒரு ஏற்பாடு.

ஆனா அதெல்லாம் புதுசா ஓட்டறவங்களுக்கு சார். நானும் சுகிர்தாவும் ரெண்டு வருஷம் ஒண்ணா ஓட்டினோம். என் தோள் அசைஞ்சாலே அவளுக்குத் தெரிஞ்சுடும். நான் சொல்லாமலே அவ செய்வா. பார்க்கறவங்க அசந்துபோவாங்க. 'ஒரே உடம்பு மாதிரி இருக்கீங்கப்பா'ன்னு ஒரு ஆபீசர் சொன்னாரு. எனக்கு அதுல ஒரு கர்வம். இருக்காதா பின்ன?

சில நாள் அவ சொல்லுவா, 'ஸ்கிப்பர், கொஞ்சம் வாயத் திறந்தாதான் என்ன, முத்தா உதிர்ந்துடும்?'னு. ஸ்கிப்பர்னுதான் கூப்பிடுவா என்னை. கிண்டல். நான் சிரிச்சுட்டுப் போயிடுவேன். காதலா? சே சே. அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நீங்க வேற.

அந்த டேனிஷ்காரங்க வந்ததுலேர்ந்துதான் எல்லாம் கெட்டுச்சு.

டென்மார்க்ல குளிர்காலத்துல கடல்ல இறங்க முடியாதாம். அதனால மெட்ராசுக்கு வந்தாங்க ரெண்டு பேர். பார்ட்னர் டீம்னு பேரு. அதாவது, ரெண்டு படகும் பக்கத்துல பக்கத்துல ஓடும். ஒரு படகு எதையும் மாத்தாது, இன்னொண்ணு பாயைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கும், தளர்த்திப் பார்க்கும். எது வேகம்னு அப்பத்தான் தெரியும். எதிரியா இருந்தாலும் எதையும் மறைக்கக் கூடாது, எல்லாத்தையும் பகிர்ந்துக்கணும். அதுதான் ஒப்பந்தம். நமக்கு நல்லதுதானே, அவங்க உலக அளவுல முன்னாடி இருக்கறவங்க.

அவன் பேரு யெஸ்பர். பனைமரம் மாதிரி இருப்பான். அந்தப் பொண்ணு பேரு மாரன். நம்ம ஊர்ல அது ஆம்பளைப் பேருன்னு சொன்னதும் ரெண்டு நாள் சிரிச்சா. அவங்க படகுல சுக்கான் பிடிக்கிறது மாரன்தான். அந்தப் பனைமரம் கம்பியில தொங்கும். பார்க்கவே வேடிக்கையா இருக்கும் சார். அவ கத்திக்கிட்டே ஓட்டுவா. 'அலை வருது, காத்து கூடுது, இப்ப திரும்பறோம், திரும்பிட்டோம்.' எங்க படகுல இருக்கற எங்களுக்கே எல்லாம் கேக்கும். நான் சுகிர்தாகிட்ட சொன்னேன், 'மீன் மார்க்கெட் மாதிரி இருக்கே'ன்னு. அவ சிரிக்கல. அந்தப் படகையே பார்த்துக்கிட்டு இருந்தா.

ஒரு நாள் பயிற்சிக்காக ஆளை மாத்தினாங்க. சுகிர்தா சுக்கான் பிடிச்சா, நான் கம்பியில தொங்கினேன். சொல்றேன் கேளுங்க, அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்ல சார். அவ சொல்லிக்கிட்டே இருந்தா, நான் செஞ்சுக்கிட்டே இருந்தேன். எனக்கு ஒரு பயமும் இல்ல. சின்னப்புள்ளையில எங்க மாமா சைக்கிள்ல முன்னாடி உக்காந்து போன மாதிரி இருந்துச்சு. கரைக்கு வந்ததும் நான் அவகிட்ட சொன்னேன், 'இதுக்கா இவ்ளோ அலுத்துக்கற, ரொம்ப சுலபமாத்தானே இருக்கு'ன்னு. அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. பொண்ணுங்க சில சமயம் ஏன் அப்படிப் பார்க்கறாங்கன்னு நமக்கு எங்க புரியுது.

நீங்க அந்த முறுக்கைச் சாப்பிடுங்க சார், எனக்காக வச்சுக்கிட்டு இருக்காதீங்க. மக வீட்டுக்கா கொண்டுபோறீங்க? அப்ப பிரிக்காதீங்க. பேரப்பசங்க எண்ணிப் பார்ப்பாங்க.

மரக்காணமா இது? உப்பளம் தெரியுது பாருங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான். காலாப்பட்டுல இறங்கணும் நான்.

விஷயத்துக்கு வரேன். அந்த டேனிஷ்காரங்ககிட்ட ஒரு வழக்கம். தினம் படகை ஏத்தி வச்சப்புறம் நாலு பேரும் டீயோட வட்டமா உக்காரணும். ஒவ்வொருத்தரும் தன்னோட பார்ட்னரைப் பத்தி ஒரு குறை சொல்லணும். அடுத்த டீமைப் பத்தி இல்ல சார், தன் சொந்த பார்ட்னரைப் பத்தி! அதுவும் மத்தவங்க முன்னாடி! யெஸ்பர் மாரனைப் பார்த்து சொல்லுவான், 'நீ இன்னிக்கு அவசரப்பட்டே, எனக்குக் கோபம் வந்துச்சு'ன்னு. அவ சொல்லுவா, 'நீ தூங்காம வந்தே, உன் கால் நடுங்குச்சு'ன்னு. சொல்லிட்டு ரெண்டும் ஒரே ஆப்பிளைக் கடிச்சுத் தின்னும். என்ன ஜென்மங்களோ.

நம்ம அப்படியா வளர்ந்தோம்? வீட்டு விஷயத்தை வெளிய சொல்லுவோமா? என் முறை வந்தா நான் 'ஒண்ணும் இல்ல, சுகிர்தா நல்லா பண்ணா'ம்பேன். தினமும் அதேதான். அவ தப்பு பண்ணின நாளும் உண்டு சார். ஒரு தடவை கயிறு முடிச்சை சரியாப் போடாம பாய் அவுந்துபோச்சு. நான் மூச்சு விடலையே! விட்டுக்குடுக்கலாமா? அவளும் ஆரம்பத்துல 'ஒண்ணும் இல்ல'ன்னுதான் சொன்னா.

அப்புறம் ஒரு நாள் காத்து பலமா இருந்துச்சு. நான் நாலஞ்சு தடவை சடார் சடார்னு திருப்பினேன். வேகமா, அழகா. ஒரு தடவை அவளுக்குக் கால் வழுக்கி முட்டி உரசிடுச்சு. சின்னதுதான். சாயங்காலம் டீ குடிக்கறப்ப அவ முறை வந்துச்சு. டம்ளரைக் கீழ வச்சா. இங்கிலீஷ்ல சொன்னா. 'இவர் திரும்பும்போது சொல்றதில்ல. நான் கேட்டும் சொல்றதில்ல. எனக்குப் பயமா இருக்கு.'

எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப்போச்சு.

பயமா இருக்காம். என்கூட! ரெண்டு வருஷம் என்கூட ஓட்டிட்டு, அந்நிய ஜனங்க முன்னாடி, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்றா. என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல சார்? என்ன, முன்னாடியே சொன்னாளேங்கறீங்களா? முத்து உதிர்ந்துடுமான்னு கேக்கறது சொல்றதா? 'கேக்கலையே ஸ்கிப்பர், கேக்கலையே'ன்னு படகுல கத்தறது சொல்றதா? அது வேற, இது வேற. ஒருதடவை ராத்திரி போன் பண்ணிக்கூட சொன்னா, 'நீங்க சொல்லாம திருப்பினா எனக்கு வயித்துல என்னமோ பண்ணுது'ன்னு. நான் சாப்பாடு ஒத்துக்கலையோன்னு நினைச்சேன்.

யெஸ்பர் என்னைப் பார்த்து, 'நீ என்ன சொல்ற?'ன்னான். நான் 'ஒண்ணும் இல்ல, அவ நல்லா பண்ணா'ன்னேன். அந்த நேரத்துலயும் நான் அவளை விட்டுக்குடுக்கல. அத அவங்க யாரும் புரிஞ்சுக்கவே இல்ல.

அன்னியிலிருந்து அவகூடப் பேச்சை நிறுத்திட்டேன்.

அப்படிப் பார்க்காதீங்க சார். எங்க வீட்டுப் பழக்கம் அது. எங்கப்பா கோபம் வந்தா கத்தமாட்டாரு, கை நீட்டமாட்டாரு. பேசமாட்டாரு, அவ்ளோதான். எங்க தெருவுல எல்லா வீட்லயும் பாத்திரம் பறக்கும், எங்க வீட்ல ஒரு சத்தம் கேக்காது. ஒரு தீபாவளிக்கு ஆரம்பிச்சு பொங்கல் வரைக்கும் எங்கம்மாகூட அவர் பேசல. நான்தான் நடுவுல. 'உங்கம்மாகிட்ட சொல்லு, குழம்புல உப்பு இல்ல.' அம்மா அங்கயேதான் நிப்பாங்க. 'உங்கப்பாகிட்ட சொல்லு, உப்பு தட்டுல இருக்கு.' நான் ரெண்டு பக்கமும் திரும்பிச் சொல்லுவேன். கடைசியில அம்மா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவும் பேச்சு இல்லாத சமயம்தான். அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு என்னைப் பார்த்து, 'உங்கம்மாவ தைரியமா இருக்கச் சொல்லுடா'ன்னாரு. சொன்னேன். அம்மா அவரையே பார்த்துக்கிட்டு லேசா சிரிச்சாங்க. அவ்ளோ பாசம் சார் ரெண்டு பேருக்கும். நடுவுல ஒரு ஆள் இருந்தா போதும், எந்தக் குடும்பமும் ஓடிடும்.

அதனால நான் யெஸ்பர்கிட்ட சொல்ல ஆரம்பிச்சேன். 'யெஸ்பர், டெல் ஹெர், பாயைக் கொஞ்சம் தளர்த்தணும்.' அவன் முழிச்சான். 'அவ உன் பக்கத்துலதானே நிக்கறா'ன்னான். 'தெரியும், நீ சொல்லு'ன்னேன். பாவம், ரெண்டு நாள் சொன்னான். சுகிர்தா முதல் நாள் சிரிச்சா. விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டா போல. ரெண்டாவது நாள் அழுதா. அழுததை நான் பார்க்கல, மாரன் வந்து என்கிட்ட சண்டை போட்டா. மூணாவது நாள் யெஸ்பர் கையெடுத்துக் கும்பிட்டான். 'நான் தபால்காரன் இல்லப்பா'ன்னான்.

கடல்ல எப்படின்னா, நான் தலையாட்டுவேன். திரும்பறதுக்கு முன்னாடி ஒரு தலையாட்டு. அவ என்னையே பார்த்துக்கிட்டு இருக்கணும். பார்த்தா. கழுத்து வலிக்க வலிக்கத் திரும்பித் திரும்பி என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு ஓட்டினா. ஒண்ணு சொல்லணும், எங்க வேகம் கூடுச்சு சார் அந்த நாட்கள்ல! டேனிஷ் படகையே சில தடவை தாண்டினோம். கோபத்துல நான் தயங்காம திருப்பினேன்ல. யெஸ்பருக்கே ஆச்சரியம். அப்ப நான் நினைச்சேன், பேசாம இருந்தா நல்லாத்தான் ஓடுது, இதுவே இருக்கட்டும்னு. மாரன் மட்டும் அந்த டீ வட்டத்துல சொன்னா, 'நீங்க வேகமா போறீங்க, ஆனா நீங்க ஒரு டீமே இல்ல'ன்னு. அவங்கள யாரு கேட்டா?

பிடிச்சுக்குங்க. பாலம் ஏறி இறங்கும், தூக்கிப்போடும்.

என்ன கேட்டீங்க? ஆமாம், நீங்க சொல்றது சரிதான், எல்லாத்துக்கும் முன்னாடியே சொல்லிடறேன். இப்ப கொஞ்ச நாளா வந்த பழக்கம். எப்படி வந்துச்சுன்னு தெரியல.

தகுதிப் போட்டி ஓமன்ல. அதுல முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்தா ஒலிம்பிக். இந்தப் படகுல நம்ம ஊர் ஆளுங்க போறதுக்கு எனக்குத் தெரிஞ்சு அதுதான் பெரிய வாய்ப்பு. கடைசி நாளுக்கு முன்னாடி நாங்க ரெண்டாவது இடம். நினைச்சுப் பாருங்க சார்! டேனிஷ்காரங்க அந்தப் போட்டியில கிடையாது, ஆனா எங்களுக்காக லீவு போட்டு வந்து கரையில நின்னாங்க. அதெல்லாம் நான் மறுக்கல.

அன்னிக்கு சாயங்காலம் சுகிர்தா என் ரூமுக்கு டீ எடுத்துட்டு வந்தா. வாசல்லயே நின்னா. 'ஸ்கிப்பர், நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாயால சொல்லுங்க. காத்து நிறைய இருக்கும்னு சொல்றாங்க. அலையப் பார்க்கறதா உங்க மூஞ்சியப் பார்க்கறதான்னு எனக்குத் தெரியல. ஒரு நாள் மட்டும். அப்புறம் ஆயுசுக்கும் பேசாம இருங்க, நான் கேக்கமாட்டேன்.'

நான் டீயை வாங்கிக்கிட்டேன். தலையாட்டினேன். சரின்னுதானே சார் அதுக்கு அர்த்தம்? அவ சந்தோஷமாத்தான் போனா. போறப்ப கதவை மெதுவா சாத்திட்டுப் போனா.

காலையில பேசலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா அத்தனை நாள் பேசாம இருந்துட்டு, திடீர்னு 'திரும்பறோம்'னு எப்படி சார் ஆரம்பிக்கறது? ஒரு நல்ல வார்த்தையா இருந்தாலும் பரவால்ல. முதல் வார்த்தையே அதுவா? அவ முதல்ல ஏதாவது பேசட்டும்னு பார்த்தேன். அவ நான் பேசுவேன்னு பார்த்துக்கிட்டு இருந்தா போல.

கடைசி ரேஸ். கடைசி மிதவை. அதச் சுத்தித் திரும்பிட்டா நேரா கரைதான். எங்களுக்கு முன்னாடி ஒரே படகு. காத்து பிய்ச்சுக்கிட்டு அடிக்குது. படகு தண்ணிய விட்டு மேல வந்துடுச்சு, அந்த மௌனம் வந்துடுச்சு. அந்த மௌனத்துல நான் மெதுவா சொல்லியிருந்தாக்கூடக் கேட்டிருக்கும். நான் தலையாட்டினேன்.

அவ அலையப் பார்த்துக்கிட்டு இருந்தா.

நான் திருப்பிட்டேன். அவ கம்பியிலயே தொங்கிக்கிட்டு இருந்தா. அப்படியே முன்னாடி சுழண்டு படகோட மூக்குக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தா. படகு அவ மேலயே போச்சு. அடியில கத்தி மாதிரி ரெக்கைன்னு சொன்னேன்ல. கெண்டைக்கால்ல.

நான் தலையாட்டினேன் சார். அவ பார்த்திருக்கணும். அத்தனை நாள் பார்த்தவ அன்னிக்கு மட்டும் ஏன் பார்க்கல? நான் சொல்லுவேன்னு நம்பிட்டாளாம். மாரன் அப்புறம் சொன்னா. 'அவ உன் தலையாட்டலை நம்பினா. முந்தின நாள் தலையாட்டினியே, அத'ன்னு. என்ன பேச்சு இது, எனக்கு விளங்கவே இல்ல.

தண்ணியில குதிச்சேன். சுத்தி சிவப்பு. எனக்கு ஒண்ணும் தெரியல, 'சுகிர்தா, சுகிர்தா'ன்னு கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். தலையப் பிடிச்சு மேல தூக்கினேன். மூஞ்சி வெளுத்துப்போய் இருந்துச்சு. என்னைப் பார்த்தா. என்ன சொன்னா தெரியுமா? 'இப்பக் கேக்குது ஸ்கிப்பர்'ன்னா.

மயக்கத்துல ஏதோ உளறினா.

இல்ல சார், தூசி. கண்ணுல. ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க... வேண்டாம், இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில நான் வெளியவே நின்னேன். உள்ள போய் என்னன்னு பேசறது? யெஸ்பர்கிட்ட, 'தைரியமா இருக்கச் சொல்லு'ன்னேன். அவன் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டினான். டேனிஷ்ல. அப்புறம் உள்ள போய் சொன்னான்னு நினைக்கிறேன். அவளோட அப்பா அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. இந்தக் காலாப்பட்டுதான் அவங்க ஊர்.

அதுக்கப்புறம் பேச்சே இல்ல. போனை எடுப்பேன், அவ பேரு வரைக்கும் போவேன், வச்சுடுவேன். அவதானே சார் முதல்ல பேசணும்? விஷயத்தை வெளிய கொண்டுபோனது அவதானே? ஆனா சொல்றேன், சோறு இறங்கல. என் வாழ்க்கையில அப்படி ஒரு ஆள் எனக்குக் கிடைச்சதில்ல, இனிமே கிடைக்கவும் மாட்டா. அது எனக்குத் தெரியும். தெரியாம இல்ல.

வேற பொண்ணுங்களைக் குடுத்துப் பார்த்தாங்க. ஒருத்தியும் நிக்கல. கடைசியா வந்த பொண்ணு ஆபீசர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணிட்டுப் போயிடுச்சு. என்ன கம்ப்ளெயின்ட் தெரியுமா? நான் ரொம்பக் கத்தறேனாம்! திருப்பறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சு திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே இருக்கேனாம். காது வலிக்குதாம். கேட்டீங்களா கதைய? பேசினாலும் குத்தம், பேசலைன்னாலும் குத்தம்.

அப்பத்தான் யெஸ்பர் மெசேஜ் போட்டான். இந்தக் குளிர்காலம் திரும்ப வந்திருக்காங்க ரெண்டு பேரும். மெட்ராசுக்கு இல்ல, இங்க, சுகிர்தா ஊர்க்கடலுக்கு. இவளுக்காகத்தான் வந்திருக்காங்க. ஒரு வீடியோ அனுப்பினான். சுகிர்தா படகுல! பின்னாடி உக்காந்து சுக்கான் பிடிக்கிறா. கம்பியில தொங்க அந்தக் கால் இனிமே தாங்காதாம், ஆனா உக்காந்து ஓட்டலாமாம். யெஸ்பர் கம்பியில. அவ சொல்லிக்கிட்டே ஓட்டறா. 'அலை வருது. தயாரா? திரும்பறோம்.' அந்தக் குரலைப் போட்டுப் போட்டுக் கேட்டேன் சார். படம் பார்க்கல, கேட்டேன்.

அடுத்த தகுதிப் போட்டிக்கு அவ தயாராம். யாரு கூட ஓட்டப்போறன்னு யெஸ்பர் கேட்டானாம். 'ஸ்கிப்பர் வந்தா அவரோட'ன்னாளாம். ஆனா அவதான் சுக்கான். நான் கம்பியில தொங்கணும், அவ சொல்றதக் கேக்கணும். அந்தப் பச்சைப் பிடி கம்பு என்கிட்டதான் இருக்கான்னும் கேட்டாளாம். வந்தா எடுத்துட்டு வரச் சொன்னாளாம். யெஸ்பர் கடைசியா எழுதினான், 'எந்த பஸ்னு மட்டும் எழுது, ஸ்டாப்புல அவளே வந்து நிப்பா. ஒரே ஒரு வார்த்தை. சரின்னு வாயால சொல்லு. நான் நடுவுல வரமாட்டேன்.'

சரின்னுதான் சொல்லப்போறேன் சார். ஒரு மாசமா அதத்தான் சொல்லிப் பார்த்துக்கிட்டு இருக்கேன், கண்ணாடி முன்னாடி. சரி. சரி சுகிர்தா. நீ ஓட்டு. எனக்கு என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கு? அன்னிக்கு அவ ஓட்டினப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சுன்னு சொன்னேன்ல. கம்பை நீட்டினாலே அவளுக்குப் புரிஞ்சுடும், இருந்தாலும் சொல்லிடறேன்.

ஆங், கேட்டுச்சு கண்டக்டர், காலாப்பட்டு, இறங்கறேன்.

அதோ. சார், அதோ. உங்க ஜன்னலுக்கு நேரா. வெள்ளைத் தொப்பி.

என்ன சார் இப்படி நிக்கறா? ஒரு காலை ஊனாம, அந்தக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு... நல்லாயிடுச்சுன்னு சொன்னானே அவன். வீடியோவுல உக்காந்துல்ல இருந்தா. நிக்கறதக் காட்டவே இல்லையே. இப்படி நிப்பான்னு யாரும் என்கிட்ட சொல்லவே இல்லையே.

இருங்க கண்டக்டர், ஒரு நிமிஷம்.

சார், நீங்க ஜன்னல் பக்கம்தானே இருக்கீங்க. நீங்க கூப்பிடுங்களேன். சுகிர்தான்னு ஒரு வார்த்தை, திரும்பிப் பார்ப்பா. தயாளன் சரின்னு சொல்லச் சொன்னான்னு சொல்லுங்க. நான் இறங்கிடுவேன், நீங்க சொல்லிட்டீங்கன்னா இறங்கிடுவேன். இந்தாங்க, இந்தக் கம்பு. ஜன்னல் வழியா குடுங்க. பச்சைப் பிடி முன்னாடி போகட்டும், கண்டுபிடிச்சுடுவா. சொல்லுங்க சார். அவ இங்கதானே நிக்கறா, கை நீட்டினா தொட்டுடலாம், சொல்லுங்க.

வாங்கிட்டா. வாங்கிட்டா பாருங்க. பிடியத் தடவிப் பார்க்கறா. நிமிர்ந்து பார்க்கறா...

விசில் அடிச்சுட்டாரே.

இல்ல கண்டக்டர், இறங்கல. பாண்டிக்கே டிக்கெட் போடுங்க.

நீங்க ஏன் சார் பேசல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இவ்ளோ தூரம் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு வந்தேனே, எதுக்கு? சும்மா கம்பை நீட்டினா அவளுக்கு என்ன புரியும்?

பரவால்ல. நான் தலையாட்டினேன். அவ நிமிர்ந்தப்ப நான் நல்லா தலையாட்டினேன், நீங்க பார்த்தீங்கல்ல? நீங்கதானே ஜன்னல் பக்கம் இருந்தீங்க. அவ பார்த்தாளா சார்?